நாலு நாள் தங்கிய ஊர் ஏன் மனதில் ஒட்டிக்கொள்கிறது?

கரையோரன் (வெள்ளவத்தை) எழுதியது:

வணக்கம் உறவுகளே. கனநாளாக மனதில் கிடக்கும் ஒரு கேள்வியை இங்கே போடுகிறேன். ஆறுதலாக வாசித்துவிட்டு எழுதுங்கள்.

கொழும்பில் எங்கள் வீட்டு மேல்மாடி அறைகளை வந்துபோகிறவர்களுக்கு வாடகைக்கு விடுகிறோம். வெள்ளைக்காரர்கள் வருவார்கள். ரொறன்ரோ, லண்டன், பரிஸிலிருந்து நம்மவர்களும் வருவார்கள். சென்னையிலிருந்து வியாபார விஷயமாக வருகிறவர்களும் உண்டு. அநேகமானவர்கள் வந்தார்கள், போனார்கள், அவ்வளவுதான். ஆனால் சிலரை இந்த ஊர் பிடித்துக்கொண்டு விடுவதே இல்லை. ஊருக்குத் திரும்பிய பிறகும் வாட்ஸ்அப்பில் கேட்டுக்கொண்டே இருப்பார்கள். மழை தொடங்கிவிட்டதா, கடல் எப்படிக் கிடக்கிறது, மூலைக் கடை திறந்திருக்கிறதா என்று பெற்ற ஊரை விசாரிப்பது மாதிரி விசாரிப்பார்கள்.

நான் கவனித்த வரையில், அதிகம் சுற்றிப் பார்த்தவர்களுக்கு இது வருவதில்லை. தாமரைக் கோபுரம், கங்காராமை, அருங்காட்சியகம், புறக்கோட்டைச் சிவப்புப் பள்ளிவாசல் என்று விடியற்காலையே பட்டியலோடு கிளம்பி, இரவு களைத்துப்போய் வந்து விழுகிறவர்கள் நல்ல படங்களோடு போய்விடுவார்கள். பிறகு சத்தமில்லை.

ஒட்டிக்கொண்டவர்களில் ஒருத்தியைச் சொல்கிறேன். ஜெர்மன்காரப் பெண். எல்ல என்ற மலை ஊருக்குப் போகும் வழியில் ஒரு இரவு தங்கத்தான் வந்தாள். டெங்கு பிடித்துக்கொண்டது. வைத்தியசாலையில் இருந்து வந்த பிறகும் உடம்பில் தெம்பில்லை, மலையேற முடியாது. அம்மா கஞ்சி வைத்துக் கொடுத்தார். கொஞ்சம் நடக்கத் தொடங்கியதும் காலையில் எங்கள் ஒழுங்கையைத் தாண்டி மரைன் டிரைவ் பக்கம் போவாள். வழியில் ஒரு தேத்தண்ணிக் கடை. முதல் இரண்டு மூன்று தடவை "சீனி வேண்டாம், சீனி வேண்டாம்" என்று கையை ஆட்டிக் காட்டவேண்டியிருந்தது. அதன் பிறகு, இவள் தெருவைக் கடப்பதைக் கண்டதுமே கடைக்காரர் ஒரு கிளாஸை மட்டும் தனியாக எடுத்துவைப்பார். மற்றக் கிளாஸ்களுக்கெல்லாம் ஒரே வீச்சில் சீனி போடுவார், அந்த ஒன்றுக்கு மட்டும் கை போகாது. அவள் வாசற்படியில் கால் வைக்கும்போது தேத்தண்ணி ஆற்றி முடிந்திருக்கும். இருவருக்கும் பொதுவாக ஒரு மொழி கிடையாது.

அந்தப் பெண் எல்லவைப் பார்க்காமலே ஊருக்குப் போனாள். இன்றுவரை என்னிடம் கேட்பது அந்தக் கடைக்காரரின் கண் ஒப்பரேஷன் நல்லபடி முடிந்ததா என்றுதான்.

என் எண்ணம் இதுதான். பயணி ஊரைப் பார்ப்பதால் பாசம் வருவதில்லை. ஊர் பயணியை அடையாளம் கண்டுகொள்கிற கணத்தில்தான் வருகிறது. அழகு, கடல், அஸ்தமனம் எல்லாம் அதற்குப் பின்னால் வந்து சேர்ந்துகொள்பவை. உங்கள் அனுபவம் என்ன?

மனவெளி (கொழும்பு 3) எழுதியது:

நல்ல கேள்வி அண்ணா. நான் உளவியல் படிக்கிறேன், அதனால் ஆர்வத்தில் கொஞ்சம் நீளமாக எழுதிவிடுவேன்.

நீங்கள் சொன்னதில் இரண்டு விஷயங்கள் இருக்கின்றன. ஒன்று, திரும்பத் திரும்பப் பார்ப்பது. 1968 இல் ராபர்ட் சயோன்ஸ் என்ற உளவியலாளர் காட்டியது இதைத்தான்: ஒரு பொருளையோ முகத்தையோ பலமுறை பார்த்தாலே போதும், வேறு காரணம் இல்லாமலே அதன் மேல் விருப்பம் கூடுகிறது. ஒழுங்கை, படி, கிளாஸ், கடைக்காரர் முகம் எல்லாம் அந்தப் பெண்ணுக்கு நாள்தோறும் வந்தன. பட்டியலோடு ஓடுகிறவருக்கு எந்த இடமும் இரண்டாம் தடவை வருவதில்லை.

இரண்டாவது, எட்வர்ட் ரெல்ஃப் என்ற புவியியலாளர் 1976 இல் எழுதியது. ஒரு இடத்துக்கு நாம் வெளியே நிற்கிறோமா உள்ளே நிற்கிறோமா என்பதுதான் அவருக்கு முக்கியம். வெளியே நிற்பவருக்கு ஊர் வெறும் பின்னணி, உள்ளே நிற்பவருக்கு அது தன்னுடையது. இடையில் பல படிகள் உண்டு. தனக்கென்று ஒரு கிளாஸ் எடுத்துவைக்கப்பட்டபோது அந்தப் பெண் ஒரு படி உள்ளே வந்துவிட்டாள் என்று நினைக்கிறேன்.

ஆனால் உங்கள் முடிவு எல்லோருக்கும் பொருந்துமா என்பதில் எனக்குச் சந்தேகம் இருக்கிறது. 2010 இல் ஸ்கேனல், கிஃபோர்ட் என்ற இருவர் இந்தத் துறையில் அதுவரை வந்ததையெல்லாம் தொகுத்து, இடப்பற்றை மூன்று பக்கமாகப் பார்க்கச் சொன்னார்கள்: பற்று வைக்கும் ஆள் யார், அந்த இடம் எப்படிப்பட்டது, உள்ளே நடக்கும் உணர்வும் நினைவும் செயலும் என்ன. நீங்கள் இடத்திலுள்ள மனிதர்களை மட்டும் பிடித்திருக்கிறீர்கள். யாருமே அடையாளம் காணாத ஊரிலும் மனம் ஒட்டுவது உண்டே?

பழைய லொட்ஜ்காரன் (ஸ்காபரோ, கனடா) எழுதியது:

பிள்ளை கடைசியில் கேட்ட கேள்விக்கு நான் பதில் சொல்லலாம்.

தொண்ணூறுகளின் நடுவில், யுத்த காலத்தில், யாழ்ப்பாணத்திலிருந்து கிளாலிக் கடல் கடந்து, தாண்டிக்குளம் தாண்டி, வவுனியாவில் பயண அனுமதிப் பாஸுக்குக் காத்திருந்து கொழும்புக்கு வந்தவன் நான். கொச்சிக்கடையில் ஒரு லொட்ஜ். வெளிநாட்டுக்கு அனுப்பும் ஏஜென்சிக்காரன் இன்று சரிவரும் நாளை சரிவரும் என்பான். அந்த ஊரில் என்னை யாரும் அடையாளம் காணக்கூடாது என்பதுதான் என் தினசரிப் பிரார்த்தனை. பொலிஸ் பதிவுத் துண்டைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டே படுப்பேன். 1996 ஜனவரி 31 மத்திய வங்கிக் குண்டுவெடிப்புக்குப் பிறகு சுற்றிவளைப்புகள் எப்படி இருந்தன என்று அந்தக் காலத்தில் இருந்தவர்களுக்குத் தெரியும். லொட்ஜின் மரப்படியில் பூட்ஸ் சத்தம் கேட்டால் ஆறு பேர் படுக்கும் அறையில் மூச்சுச் சத்தமே இருக்காது.

அங்கே கண்டது என்ன? ஒரு ஜன்னல், ஒரு படிக்கட்டு, கீழே தொலைபேசி பேசும் கொமினிகேசன் கடை, பக்கத்தில் சிங்களவர் ஒருவரின் பேக்கரி. நின்றால் பொன்னம்பலவாணேசர் கோவில், நடந்தால் அந்தோனியார் கோவில். செவ்வாய்க்கிழமை அந்தோனியார் கோவிலில் எல்லா மதக்காரரும் நிற்பார்கள், அந்தக் கூட்டத்துக்குள் நின்றால் மட்டும் கொஞ்சம் பயமில்லாமல் இருக்கும். பின்னேரம் பேக்கரியில் கிம்புலா பனிஸ் சூடாக வரும். ஒன்றை வாங்கி மதியத்துக்கும் இரவுக்கும் சேர்த்துச் சாப்பிட்ட நாட்கள் உண்டு.

நான் அந்த இடத்தை விரும்பியது கிடையாது. எப்போது தப்பிப்போவேன் என்றுதான் இருந்தது. ஆனால் இத்தனை வருடம் கழித்துக் கனவில் வருவது நான் பிறந்து வளர்ந்த கோண்டாவில் வீடு அல்ல. அந்த லொட்ஜின் படிக்கட்டுத்தான் வருகிறது. விழித்ததும் பயம் வருவதில்லை, ஒரு ஏக்கம்தான் வருகிறது. இது ஏன் என்று யாராவது சொன்னால் நன்றியுள்ளவனாக இருப்பேன்.

மனவெளி எழுதியது:

அண்ணா, வாசித்துவிட்டுக் கொஞ்ச நேரம் எதுவும் எழுத முடியவில்லை.

என்னால் முடிந்ததைச் சொல்கிறேன். 1974 இல் டட்டன், ஆரன் என்ற இருவர் கனடாவிலேயே, வான்கூவர் பக்கம் கப்பிலானோ ஆற்றின் மேலுள்ள தொங்கு பாலத்தில் ஒரு சோதனை செய்தார்கள். ஆடும் உயரமான பாலத்தில் வைத்து ஒரு பெண் ஆண்களிடம் சில கேள்விகள் கேட்டுவிட்டுத் தன் தொலைபேசி இலக்கத்தைக் கொடுத்தாள். தாழ்வான, ஆடாத பாலத்திலும் அதையே செய்தாள். பிறகு அவளை அழைத்தவர்கள் ஆடும் பாலத்தில் சந்தித்தவர்களில்தான் அதிகம். பயத்தில் அடித்த நெஞ்சை மனம் வேறு உணர்வாக எடுத்துக்கொண்டது என்பது அவர்கள் விளக்கம். இதை மறுத்துப் பேசுபவர்களும் உண்டு, அதனால் இதையே முழு விடை என்று சொல்லமாட்டேன். ஆனால் உணர்ச்சி உச்சத்தில் நடந்தவை ஆழமாகப் பதிகின்றன என்பதில் பெரிய கருத்து வேறுபாடு கிடையாது.

இன்னொன்று. பேக்கரி வாசனையைச் சொன்னீர்கள். பார்வையும் ஒலியும் மூளையில் தலாமஸ் என்ற இடைத்தரிப்பில் நின்றுதான் மேலே போகின்றன. மணம் அங்கே நிற்காமல், உணர்ச்சியையும் நினைவையும் கையாளும் பகுதிகளுக்குக் கிட்டத்தட்ட நேராகவே போகிறது. பனிஸ் வாசம் உங்களை எங்கே கொண்டுபோகும் என்பது உங்கள் கையில் இல்லை.

அதோடு, உங்களுக்கு அப்போது இருபது வயது சொச்சம் இருந்திருக்கும். வயதானவர்களிடம் வாழ்க்கை நினைவுகளைக் கேட்டால் பத்து வயதுக்கும் முப்பதுக்கும் இடைப்பட்ட காலம்தான் தடிப்பாக வருகிறது. பயணத்தில் வந்த பற்று பல நேரம் அந்த வயதில் இருந்த நம்மேல் வைத்த பற்றும்தான்.

ஊர்சுற்றி (தெஹிவளை) எழுதியது:

எல்லோரும் நீண்ட தங்கலைப் பற்றிப் பேசுகிறீர்கள். ஒரே மதியத்தில் ஒட்டியவர்களும் இருக்கிறார்கள்.

விஞ்ஞானக் கதைகள் எழுதிய ஆர்தர் சி. கிளார்க்கைப் பாருங்கள். 1954 டிசம்பரில் ஆஸ்திரேலியாவின் பவளத்திட்டுகளுக்குப் போகும் கப்பல் கொழும்புத் துறைமுகத்தில் ஒரு மதியம் நின்றது. அந்தக் கொஞ்ச நேரத்தில் இறங்கிப் பார்த்துவிட்டுப் போனவர், 1956 இல் திரும்பி வந்தார். அதன் பிறகு 2008 இல் இறக்கும்வரை இதுதான் அவர் ஊர். பொரளை கனத்தை மயானத்தில்தான் அவர் அடக்கம். ஒரு மதியத்தில் எந்தத் தேத்தண்ணிக் கடைக்காரர் அவரை அடையாளம் கண்டிருப்பார்?

ரஷ்ய எழுத்தாளர் செக்கோவ் 1890 நவம்பரில் வந்தார். கோட்டையில் துறைமுகத்துக்கு எதிரே இருக்கிற கிராண்ட் ஓரியன்டல் ஹோட்டலில் தங்கினார். அவர் எங்கிருந்து வந்தார் என்பதைக் கவனியுங்கள். சகாலின் தீவின் கைதிகளைப் பார்த்து, கைதிக் குடியேற்றத்தின் கொடுமையை எல்லாம் குறித்துக்கொண்டு வருகிறார். வரும் வழியில் கப்பலில் இறந்த இருவரைக் கடலில் போட்டதையும் பார்த்திருக்கிறார். அப்படி வந்தவருக்கு இலங்கை சொர்க்கமாகவும் சகாலின் நரகமாகவும் தெரிந்ததில் அதிசயம் இல்லை, கடிதத்தில் அப்படித்தான் எழுதினார். எங்கிருந்து வந்து இறங்குகிறோம் என்பதும் பாதி காரணம். சுகமான இடத்திலிருந்து சுகமான இடத்துக்கு வருகிறவர்களுக்கு எதுவும் ஒட்டாது.

கரையோரன் எழுதியது:

கிளார்க் விஷயத்தில் நான் விட்டுக்கொடுக்கமாட்டேன் தம்பி. மதியம் இறங்கியது ஆரம்பம்தான். அவரைப் பிடித்து வைத்தது கடல். நீருக்கடியில் மூழ்கி வேலை செய்ய வந்தவர், 1956 இலேயே நண்பர் மைக் வில்சனோடு சேர்ந்து திருகோணமலை கோணேஸ்வரக் கோவிலின் கடலுக்குள் கிடந்த இடிபாடுகளைக் கண்டவர். பிற்காலத்தில் நடக்க முடியாமல் சக்கர நாற்காலிக்கு வந்த பிறகும் தண்ணீருக்குள் மட்டும் உடம்பு பாரமில்லாமல் இருந்தது அவருக்கு. ஊர் அவருக்கு ஒரு வேலை கொடுத்தது. மனிதர் அடையாளம் காண்பதும், இடம் நம் கைக்கு வேலை கொடுப்பதும் எனக்கு ஒன்றுதான். இரண்டிலும் நீ இங்கே வேண்டப்பட்டவன் என்ற செய்தி இருக்கிறது.

செக்கோவை ஒத்துக்கொள்கிறேன். அது நான் யோசிக்காத பக்கம்.

புறக்கோட்டையான் எழுதியது:

இதுவரை வாசித்துக்கொண்டு மட்டும் இருந்தேன். இப்போது ஒன்றைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

கொழும்போடு ஒட்டிய பயணிகள் என்றால் அடுத்து யாராவது கவிஞர் பாப்லோ நெருடாவைக் கொண்டுவருவீர்கள். 1929 இல் சிலி நாட்டுக் கொன்சலாக வந்து வெள்ளவத்தைக் கடற்கரையில் குடியிருந்தார். தனிமை, கடல், அவர் வளர்த்த கீரிப்பிள்ளை, அங்கே எழுதிய கவிதைகள் என்று ஆசையாகப் பேசுவார்கள். கரையோரன் அண்ணாவின் வீட்டிலிருந்து அதிக தூரமும் இல்லை.

அந்த வீட்டுக் கழிவறை வாளியை ஒவ்வொரு நாளும் எடுத்துப்போக ஒரு பெண் வந்தாள். தமிழ்ப் பெண். தீண்டத்தகாதவர்கள் என்று ஒதுக்கிவைக்கப்பட்ட சாதிக்காரி. அவளை ஒருநாள் கையைப் பிடித்து அறைக்குள் கூட்டிப்போனதை அவரே எழுதியிருக்கிறார், அவர் இறந்த பிறகு 1974 இல் வந்த நினைவுக் குறிப்பில். அவள் கண்ணைத் திறந்தபடி அசையாமல் கிடந்ததையும் எழுதியிருக்கிறார். அதைப் பலாத்காரம் என்று அவர் சொல்லவில்லை, நான் சொல்கிறேன். அவளுடைய பெயர் அதில் இல்லை. அவர் கேட்டிருக்கவே மாட்டார்.

ஒரு பயணிக்கு ஒரு ஊர் மேல் இருக்கிற உணர்ச்சியைப் பற்றி இத்தனை பக்கம் எழுதுகிறோம். அந்த ஊரில் வாளி தூக்கியவளுக்கு அந்தப் பயணி என்னவாக இருந்தார் என்பதையும் கேட்க வேண்டும். என் அப்பா புறக்கோட்டையில் நாட்டாமை, மூட்டை சுமப்பவர். முதுகில் மூட்டையோடு குறுக்குத் தெருவில் போகும்போது படம் எடுத்தவர்கள் எத்தனையோ பேர். அவர்கள் எல்லோருக்கும் கொழும்பு மேல் பாசம்தான். ஒருவர்கூட மூட்டையை இறக்கும்வரை நின்று "பெயர் என்ன" என்று கேட்டதாக அப்பா சொன்னதில்லை.

ஊர்சுற்றி எழுதியது:

இதற்கு நான் எதிர்வாதம் செய்யமாட்டேன் அண்ணா. நெருடாவின் கவிதைகளை விரும்பி வாசிப்பவன் நான், அந்தப் பக்கத்தையும் வாசித்திருக்கிறேன். வாசித்த பிறகு அந்த வீட்டைத் தேடிப்போய்ப் பார்க்கும் ஆசை எனக்கு இல்லாமல் போய்விட்டது.

நெய்தல்நிலம் (மட்டக்களப்பு) எழுதியது:

ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள் நான். இங்கே வெளிநாட்டு அறிஞர்கள் பெயரெல்லாம் வருகிறது, நல்லது. ஆனால் நிலத்தையும் உணர்ச்சியையும் சேர்த்துவைத்துப் பார்ப்பது நமக்குப் புதிதில்லை. ஐந்திணையில் ஒவ்வொரு நிலத்துக்கும் ஒரு உணர்வு இருக்கிறது. குறிஞ்சிக்குக் கூடல், முல்லைக்கு இருத்தல், பாலைக்குப் பிரிவு, நெய்தலுக்கு இரங்கல். நிலமும் பொழுதும் முதற்பொருள். அங்குள்ள பறவை, பூ, தொழில், உணவு எல்லாம் கருப்பொருள். உணர்வு உரிப்பொருள். கரையோரன் தம்பி சொல்கிற தேத்தண்ணிக் கிளாஸும், லொட்ஜ்காரத் தம்பியின் பனிஸும் கருப்பொருள்கள்தான். ஊரின் பெயரைச் சொன்னால் யாருக்கும் அழுகை வராது. அந்த ஊரின் ஒரு பனிஸைச் சொன்னால் வந்துவிடும்.

எனக்குக் கொழும்பு எப்போதும் அந்நிய ஊர். அரசாங்கக் கச்சேரி அலுவல், பாஸ்போட், வைத்தியசாலை என்று வந்து வேலை முடிந்ததும் இரவு ரயிலைப் பிடித்துவிடுவேன். காலிமுகத்திடல் எனக்கு வெறும் மைதானம். 1859 இல் வார்ட் என்ற ஆளுநர் அமைத்தது, பழைய பாராளுமன்றக் கட்டடம் ஒரு முனையில், ஹோட்டல் மறுமுனையில் என்று பிள்ளைகளுக்குப் பாடமாகச் சொல்லிக்கொடுத்ததோடு சரி.

2022 இல் அங்கே அரசாங்கத்துக்கு எதிரான போராட்டம் நடந்தபோது மருமகள் கட்டாயப்படுத்திக் கூட்டிப்போனாள். மே 18. அன்று அந்தத் திடலில் முள்ளிவாய்க்காலில் இறந்தவர்களுக்காக விளக்கு ஏற்றினார்கள், அங்கே கடைசி நாட்களில் சனம் குடித்ததை நினைத்துக் கஞ்சி கொடுத்தார்கள். சிங்களப் பிள்ளைகளும் வரிசையில் நின்று அந்தக் கஞ்சியை வாங்கினார்கள். ஒரு பிள்ளை, பதினெட்டு இருபது வயது இருக்கும், உப்பில்லாத அந்தக் கஞ்சியைக் குடித்துவிட்டு, கோப்பையை எறியாமல் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றான். என்னைப் பார்த்து "அம்மே" என்றான். வேறு எதுவும் சொல்லத் தெரியவில்லை அவனுக்கு. எனக்கும் தெரியவில்லை.

நான் இழந்தவர்களின் கணக்கை இங்கே எழுதவில்லை. அந்த ஊரில், அந்த இடத்தில், அதைச் சத்தமாகச் சொல்லி அழ முடியும் என்று நான் ஒருநாளும் நினைத்ததில்லை. அன்றிலிருந்து கொழும்புக்கு வந்தால் திடலுக்குப் போகாமல் திரும்புவதில்லை. பிறகு வந்த வருடங்களில் வெள்ளவத்தையில் நினைவேந்தலுக்கு வந்தவர்களை மிரட்டியதையும் அறிவேன். ஊர் மாறிவிட்டது என்று நான் சொல்லவில்லை. அந்த ஒரு மாலைக்காக அந்த இடம் என்னுடையதாகிவிட்டது.

மனவெளி எழுதியது:

அம்மா, உங்கள் பதிவை என் வகுப்புத் தோழிகளுக்கும் வாசித்துக் காட்டினேன். நாங்கள் படிக்கும் கட்டுரைகளில் துயரத்தைப் பொதுவில் வைக்க இடம் கொடுத்த இடத்தின் மேல் வரும் பற்று பற்றி மிகக் குறைவாகத்தான் இருக்கிறது.

மலைநாட்டான் (ஹட்டன்) எழுதியது:

ஒரு சின்னக் கேள்வி. பதினேழு வயதில் கொழும்புக்கு வந்து சாப்பாட்டுக் கடையில் நின்றவன் நான். தீபாவளிக்கும் பொங்கலுக்கும் மட்டும் தோட்டத்துக்குப் போவேன். எனக்குக் கொழும்பு பயணமா, ஊரா? கடை மூடிய பிறகு இரவு ஆட்களில்லாத காலி வீதியில் (கோல் ரோட்) நடப்பதில் எனக்கு ஒரு சொந்தம் இருந்தது. பகலில் அந்த வீதி மற்றவர்களுடையது. இப்போது ஹட்டனில் சொந்தக் கடை வைத்திருக்கிறேன், நன்றாகத்தான் போகிறது. இருந்தாலும் 101 பஸ்ஸின் சத்தத்தை யாராவது வீடியோவில் போட்டால் முழுவதும் பார்ப்பேன்.

கரையோரன் எழுதியது:

மலைநாட்டான் தம்பி, அது ஊர்தான். நீங்கள் கேட்க வேண்டியதே இல்லை.

புறக்கோட்டையான், உங்கள் பதிவுக்குப் பிறகு இரண்டு நாள் யோசித்தேன். ஊர் பயணியை அடையாளம் காண்பது பற்றி எழுதினேன். பயணி ஊரை அடையாளம் காணவேண்டும் என்பதை நீங்கள் சேர்த்தீர்கள். இதை எப்படிப் பிரித்துப் பார்ப்பது என்று எங்கள் வீட்டுக்கு வருகிறவர்களை வைத்தே யோசித்தேன். திரும்பி வருகிறபோது தெரிந்துவிடுகிறது. சிலர் வந்து இறங்கியதுமே ஏமாந்துபோவார்கள். கடை மாறிவிட்டது, ஒழுங்கையில் மாடி வீடு எழும்பிவிட்டது, முன்பு போல் இல்லை என்று எங்களிடமே முறைப்பாடு சொல்வார்கள். அவர்கள் விட்டுப்போன நாளில் இந்த ஊர் அப்படியே உறைந்து நிற்க வேண்டும் போல.

காலிமுகத்திடலுக்கு முன்னால் கடலை நிரப்பித் துறைமுக நகரம் எழுந்தபோது, 2014 இல் தொடங்கியது, 269 ஹெக்டேயர், வெளிநாட்டிலிருந்து வந்த பலர் "எங்கள் கடலை எடுத்துவிட்டார்கள்" என்று குமுறினார்கள். அந்தக் குமுறல் பொய் இல்லை, எனக்கும் அந்த வலி உண்டு. வடக்கே திரும்பினால் முன்பு வெறும் தண்ணீர்தான். ஆனால் அதே கடலில் தொழில் செய்த நீர்கொழும்பு மீனவர்கள், நிரப்புவதற்காகக் கடலில் மணல் தோண்டியதை எதிர்த்து உண்ணாவிரதம் இருந்தார்கள். குமுறியவர்களில் அதை விசாரித்தவர்கள் மிகக் கொஞ்சம் பேர். அந்தக் கொஞ்சம் பேரைத்தான் எங்கள் வீட்டில் விருந்தாளி என்று சொல்லமாட்டோம், வீட்டு ஆள் என்போம். அந்த ஜெர்மன் பெண் கண் ஒப்பரேஷனைக் கேட்டது எனக்கு ஏன் பெரிதாகப் பட்டது என்று இப்போது எனக்கே விளங்குகிறது.

ஊர்சுற்றி எழுதியது:

எதிர்த் திசையிலும் ஒன்று இருக்கிறது, அதையும் சொல்லிவிடுகிறேன். ஊரும் பயணியை நினைவில் வைத்துக்கொள்ளும். மேற்கே இருந்து திரும்பும் வழியில் விவேகானந்தர் 1897 ஜனவரி 15 அன்று கொழும்பில் இறங்கினார். சில நாட்கள்தான் இந்த நகரில் இருந்தார். ஐந்து வருடத்தில், 1902 இல், இங்கே விவேகானந்த சபை தொடங்கப்பட்டது. கொட்டாஞ்சேனைப் பக்கம் விவேகானந்தா மேடு என்று இன்றும் சொல்கிறோம், ஆட்டோக்காரருக்கும் அப்படித்தான் வழி சொல்கிறோம்.

பழைய லொட்ஜ்காரன் எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. நெய்தல்நிலம் ரீச்சரின் பதிவை மனைவிக்கு வாசித்துக் காட்டினேன், முடிக்க முடியவில்லை.

இப்போது ஒரு உதவி. டிசம்பரில் குடும்பத்தோடு வருகிறோம். மகள் இங்கே பிறந்தவள். "அப்பா, நீங்கள் இருந்த லொட்ஜைக் காட்டுங்கள்" என்று நச்சரிக்கிறாள். எனக்குத் தயக்கமாக இருக்கிறது. 2007 இல் கொழும்பு லொட்ஜுகளில் இருந்த நம் சனத்தைப் பொலிஸ் பஸ்ஸில் ஏற்றி ஊருக்குத் திருப்பி அனுப்பியபோதே பல லொட்ஜுகள் வெறிச்சோடிப்போயின என்று கேள்விப்பட்டேன். 2019 ஈஸ்டர் அன்று அந்தோனியார் கோவிலில் குண்டு வெடித்ததைத் தொலைக்காட்சியில் பார்த்தபோது, கூட்டத்துக்குள் பயமில்லாமல் நின்ற அந்த இடம் எது என்று திரையில் தேடிக்கொண்டிருந்தேன். போய்ப் பார்த்துக் கட்டடம் இல்லை என்றால் கனவில் வருகிற படிக்கட்டும் போய்விடுமோ என்று பயம்.

மனவெளி எழுதியது:

போகாது அண்ணா. ஒரு இடத்தின் வரைபடத்தை மூளை தனக்குள்ளேயே வைத்துக்கொள்கிறது. குறிப்பிட்ட இடத்தில் நிற்கும்போது மட்டும் துடிக்கும் நரம்புக் கலங்களை எலிகளின் மூளையில் ஜோன் ஓகீஃப் 1971 இலேயே காட்டினார், அதற்கு 2014 இல் நோபல் பரிசும் கிடைத்தது. கட்டடத்தை இடித்தால் அதெல்லாம் அழிவதில்லை. அதோடு மகளுக்குக் கட்டடம் முக்கியம் என்று எனக்குத் தோன்றவில்லை. நீங்கள் அந்தத் தெருவில் நடக்கும்போது உங்கள் முகத்தைப் பார்க்கத்தான் கேட்கிறாள்.

புறக்கோட்டையான் எழுதியது:

அண்ணா, தயங்காமல் வாருங்கள். நான் கூட வருகிறேன், ஆட்டோ பிடிக்க வேண்டாம், நடந்தே போகலாம். செவ்வாய்க்கிழமையும் ஞாயிற்றுக்கிழமையும் வேண்டாம், அந்தோனியார் கோவிலில் சனம் அதிகம், மகளுக்கு ஆறுதலாகக் காட்ட முடியாது. புதன் காலை நல்லது. வெள்ளவத்தையில் தங்கினால் 100 அல்லது 101 பஸ்ஸில் ஏறிப் புறக்கோட்டையில் இறங்குங்கள், நான் நிற்பேன். செட்டியார் தெரு வழியாக நடந்து, கதிரேசன் கோவிலைக் கும்பிட்டுவிட்டு, அப்படியே கொச்சிக்கடைக்குப் போகலாம். பொன்னம்பலவாணேசர் கோவில் கருங்கல் தூண்கள் அப்படியே இருக்கின்றன, மதியம் நடை சாத்துவதற்கு முன் போய்விட வேண்டும். அந்தோனியார் கோவிலைத் திருத்திக் கட்டி 2019 ஜூனிலேயே திறந்துவிட்டார்கள்.

நீங்கள் லொட்ஜ் இருந்த தெருவின் பெயரையும், எதிரே என்ன கடை இருந்தது என்பதையும் தனிமடலில் எழுதுங்கள். ஜம்பட்டா வீதிப் பக்கம் பழைய ஆட்கள் இன்னும் இருக்கிறார்கள், அப்பாவோடு வேலை செய்தவர்கள். முன்கூட்டியே விசாரித்து வைக்கிறேன். பேக்கரியின் பெயர் ஞாபகம் இருந்தால் அதையும் எழுதுங்கள்.